கொடுக்கும் கையும் வாங்குகிறவரின் முகமும்

(ரமளானை எதிர்நோக்கி ஷஃபான் மாதத்தில் நடந்த அறக்கட்டளைக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



ஒவ்வொரு வருடமும் இந்தக் கூட்டத்தில் வரவு செலவைப் படிப்போம். எத்தனை வீட்டுக்கு அரிசி கொடுத்தோம், எத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினோம், எத்தனை பெண்களுக்குத் தையல் இயந்திரம் வாங்கித் தந்தோம் என்று சொல்வோம். அந்தக் கணக்கு அச்சிட்டு உங்கள் கையில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசத்தான் இன்று நேரம் கேட்டோம். அது நாம் செய்த ஒரு தவறு.

போன ரமளானில் பத்தாம் நோன்பு அன்று நம் அலுவலக வாசலில் மளிகைப் பை கொடுத்தோம். அஸருக்குப் பிறகு வரிசை தெரு முனை வரை நின்றது. வரிசையில் ஓர் இளைஞர். வடமாநிலத்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது. வலது கையைத் துணியால் சுற்றியிருந்தார். மேசைக்கு வந்ததும் நம் தொண்டர் ஒருவர், "நீங்க முஸ்லிமா? எந்த ஜமாஅத்? கடிதம் இருக்கா?" என்று கேட்டார். அவருக்குப் புரியவில்லை. இன்னொரு தொண்டர் இந்தியில் கேட்டார். இதற்குள் மூன்றாமவர் செல்போனை நீட்டி, "பையைப் பிடிங்க, இங்க பாருங்க" என்றார். அந்த இளைஞர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நாங்கள் என்ன நினைத்தோம்? "தகுதி இல்லாதவர், பயந்து போய்விட்டார்" என்று நினைத்தோம். அடுத்த ஆளைக் கூப்பிட்டோம்.

இரண்டு வாரம் கழித்து அரசு மருத்துவமனையில் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவரைப் பார்க்கப் போயிருந்தோம். அதே வார்டில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி ஒருவர் ஒரு கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் அந்த இளைஞர். சிஸ்டர் எங்கள் தொப்பியைப் பார்த்ததும், "பாய், உங்க வரிசையில் வந்து நின்னாராமே, இவர்தான்" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் எங்களுக்கு அதிகமாக வலித்தது.

சிஸ்டர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. ஜார்க்கண்டிலிருந்து வந்தவர். ஒரு சிறிய தொழிற்கூடத்தில் பிரஸ் மெஷினில் இரண்டு விரல் போயிருக்கிறது. புண் ஆறாமல் சீழ் வைத்துவிட்டது. ஊரில் இருக்கும் அம்மாவிடம் விபத்தைப் பற்றி அவர் சொல்லவே இல்லை. "நல்லா இருக்கேன், ஓவர்டைம் பார்க்கிறேன்" என்றுதான் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். நம் போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றி ஊருக்குப் போய்விட்டால் அம்மா பார்த்துவிடுவாரே என்றுதான் முகத்தை மூடினார். நாம் ஒரு பை அரிசிக்கு அவருடைய முகத்தை விலையாகக் கேட்டிருக்கிறோம்.

சகோதரர்களே, அன்று சிஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்டோம்: "இவர் உங்க சர்ச்சைச் சேர்ந்தவரா?" அவர், "தெரியலையே பாய், நான் கேட்கலை" என்றார். ஆனால் அவருடைய அம்மாவின் பெயர், தங்கை படிக்கும் வகுப்பு, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. நாம் கேட்ட கேள்விகளையும் அவர் கேட்ட கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதன் பிறகுதான் கத்தோலிக்கர்கள் இந்த விஷயத்தில் என்ன போதிக்கிறார்கள் என்று தேடிப் படித்தோம். "நம்மிடம் இல்லாததா அவர்களிடம் இருக்கிறது?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். நம்மிடம் இருக்கிறது. ஆனால் நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் நகையைப் பக்கத்து வீட்டுக்காரர் அணிந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் சில நேரம் நம் பெட்டியைத் திறக்கிறோம்.

அவர்களுடைய போதனையின் அடிப்படைச் சொல் 'மனித மாண்பு'. நாம் கண்ணியம் என்கிறோம். 2024 ஏப்ரலில் வத்திக்கான் இதைப் பற்றி 'எல்லையற்ற மாண்பு' என்ற பொருள்படும் தலைப்பில் ஓர் ஆவணம் வெளியிட்டது. அதில் மாண்பை நான்காகப் பிரித்துச் சொல்கிறார்கள். முதலாவது, மனிதனாகப் பிறந்ததாலேயே இருப்பது. அதை யாரும் கொடுக்கவில்லை, யாராலும் பறிக்கவும் முடியாது. கைதிக்கும் உண்டு, நினைவிழந்து கிடக்கும் நோயாளிக்கும் உண்டு. இரண்டாவது, நடத்தையால் வருவது. கெட்ட செயல் செய்கிறவன் அதைத் தானே கெடுத்துக்கொள்கிறான். ஆனால் அப்போதும் முதலாவது போவதில்லை. மூன்றாவது, ஒருவர் வாழும் நிலைமையைப் பொறுத்தது. வீடு, தண்ணீர், சோறு இல்லாமல் ஒருவரைத் தள்ளி வைத்தால் இது அடிபடுகிறது. நான்காவது, உள்ளே இருந்து வருவது. நோயாலோ அவமானத்தாலோ "நான் வாழ்ந்து என்ன பயன்" என்று ஒருவர் நினைக்கத் தொடங்கும்போது இது நொறுங்குகிறது.

இப்போது அந்த இளைஞரைப் பாருங்கள். தொழிற்கூடம் அவருடைய விரலை எடுத்தது. பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேரோடு படுத்திருந்ததில் மூன்றாவது போனது. மிச்சம் இருந்த நான்காவதை நம் கேமரா தொட்டது. முதலாவதை மட்டும் யாராலும் தொட முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தாரே, அந்த நடையில் அது இருந்தது.

இதைக் குர்ஆன் நமக்குச் சொல்லாமல் விடவில்லை. ஆதமுடைய மக்களைக் கண்ணியப்படுத்தியதாக அல்லாஹ் பனூ இஸ்ராயீல் சூராவில் சொல்கிறான். ஆதமுடைய மக்கள் என்றுதான் அங்கே இருக்கிறது. முஸ்லிம் என்ற நிபந்தனை அதில் இல்லை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும் மனதைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று அல்பகரா சூரா எச்சரிக்கிறது. ஒரு ஜனாஸா கடந்து போனபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். "அது ஒரு யூதருடையது" என்று தோழர்கள் சொன்னபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். இவை மூன்றையும் நம் மதரஸாப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். மேசைக்குப் பின்னால் நின்ற நமக்குத்தான் ஞாபகம் வரவில்லை.

இரண்டு மார்க்கத்துக்கும் வித்தியாசம் இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டான், கடவுளே ஈஸா நபியின் வடிவில் மனிதனானார் என்ற நம்பிக்கையின் மேல் அவர்கள் இந்த மாண்பை நிறுத்துகிறார்கள். அதை நாம் ஏற்பதில்லை. அவர்களும் நம்முடைய ஈமானை ஏற்பதில்லை. அதை மறைத்துப் பழகினால் அது நட்பாகாது. ஆனால் தீர்ப்பு நாளைப் பற்றி அவர்களுடைய மத்தேயு நற்செய்தியில் ஒரு பகுதி இருக்கிறது. பசித்தவருக்கும் நோயாளிக்கும் செய்ததைத் தனக்கே செய்ததாக ஈஸா சொல்வதாக அது வருகிறது. முஸ்லிம் கிரந்தத்தில் வரும் ஹதீஸ் குத்ஸியை நினைத்துப் பாருங்கள். நான் நோயுற்றிருந்தபோது நீ பார்க்க வரவில்லையே, உணவு கேட்டபோது தரவில்லையே என்று மறுமையில் ரப்புல் ஆலமீன் அடியானைக் கேட்பான். அடியான் திகைப்பான். இன்ன அடியான் நோயுற்றிருந்தான், அங்கே போயிருந்தால் என்னை அவனிடம் கண்டிருப்பாய் என்று பதில் வரும். இரண்டு சமுதாயமும் அந்த நாளில் ஒரே விஷயத்தைப் பற்றிக் கேட்கப்படுவோம் என்று நம்புகிறோம்.

2019 பிப்ரவரி 4 அன்று அபுதாபியில் போப் பிரான்சிஸும் அல்அஸ்ஹரின் பெரிய இமாம் அஹ்மத் அத்தய்யிப் அவர்களும் மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். ஐ.நா. அந்தத் தேதியைச் சர்வதேச மனித சகோதரத்துவ தினமாக அறிவித்தது. அடுத்த ஆண்டு போப் பிரான்சிஸ் சகோதரத்துவத்தைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். அதில் இமாம் அவர்களிடமிருந்து தமக்குக் கிடைத்த ஊக்கத்தை வெளிப்படையாகக் குறிப்பிட்டார். ஒரு போப் முஸ்லிம் ஆலிமிடம் கற்றதைச் சொல்லத் தயங்கவில்லை. நாம் ஒரு சிஸ்டரிடம் கற்றதைச் சொல்வதற்கு என்ன தயக்கம்? முதல் ஹிஜ்ரத்தில் மக்காவிலிருந்து அபிசீனியாவுக்கு ஓடியவர்களுக்கு இடம் கொடுத்தது கிறிஸ்தவ மன்னர் நஜாஷி. அன்று நாம்தான் வெளியூர்க்காரர்கள்.

இன்று வெளியூர்க்காரர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். முன்பு ஏரிப் பாசனமும் வயலுமாக இருந்த இந்தப் பக்கம் சிப்காட் வந்த பிறகு எப்படி மாறியது என்று உங்களுக்கே தெரியும். 2024 ஆகஸ்ட் 17 அன்று நம் வல்லம் வடகாலில் தொழிலாளர் விடுதியை முதலமைச்சர் திறந்து வைத்தார். 20 ஏக்கர், 706.50 கோடி ரூபாய், 18,720 பெண்கள் தங்கும் இடம். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கும் அந்தப் பெண்கள் நம் மகள்களின் வயதுடையவர்கள். விடுதியில் இடம் கிடைத்தவர்கள் இவர்கள். கிடைக்காதவர்கள், ஒப்பந்தக்காரர் கூட்டி வந்தவர்கள், சின்னச் சின்னக் கூடங்களில் வேலை செய்கிறவர்கள் எங்கே தங்குகிறார்கள்? நம் தெருக்களில். நம் வீட்டு மாடியில். நாம் கட்டிய சீட் போட்ட அறைகளில்.

இங்கேதான் கத்தோலிக்கப் போதனையின் இன்னொரு பகுதி நம்மைச் சுடுகிறது. 1891 மே 15 அன்று போப் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர்களைப் பற்றி ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். ஐரோப்பாவில் ஆலைகள் பெருகி, ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் நாள் முழுவதும் உழைத்துத் தேய்ந்த காலம். தொழிலாளியை அடிமை போல நடத்தக் கூடாது, குடும்பம் நடத்தப் போதுமான கூலி வேண்டும், ஓய்வு வேண்டும், சங்கம் சேரும் உரிமை வேண்டும் என்று அவர் எழுதினார். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட இன்றைய போப், பதினான்காம் லியோ என்று பெயர் வைத்துக்கொண்டதற்கு அந்தச் சுற்றுமடலையே காரணமாகச் சொன்னார். 1962 முதல் 1965 வரை நடந்த அவர்களுடைய இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்னொன்றையும் சொன்னது. நீதிப்படி கொடுக்க வேண்டிய பாக்கியைத் தர்மம் என்று பெயர் சூட்டிக் கொடுக்காதீர்கள் என்பது அதன் சாரம்.

இதை இரண்டு முறை படித்தோம். அந்த இளைஞருக்கு ஒரு பை அரிசி தேவைப்பட்டதா? தேவைதான். ஆனால் அவருக்குச் சேர வேண்டியது வேறு. வேலையில் அடிபட்டவருக்கு இ.எஸ்.ஐ. மூலம் சிகிச்சையும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு உதவித்தொகையும், நிரந்தர ஊனம் என்றால் மாதாமாதம் பணமும் உண்டு. அதற்கு முதலில் அவர் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். விபத்து அறிக்கை போயிருக்க வேண்டும். மருத்துவச் சீட்டுகள் பத்திரமாக இருக்க வேண்டும். இந்தக் காகிதங்களுக்காக சிஸ்டர் இரண்டு மாதம் அலைந்திருக்கிறார். அதன் பிறகு நம் ஆட்களும் கூடப் போனார்கள். முடிவு இன்னும் வரவில்லை. அவர் ஊருக்குப் போயிருக்கிறார். அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

வியர்வை காய்வதற்கு முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். நம்மில் தொழிற்கூடம் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட் எடுத்தவர்கள் இருக்கிறீர்கள். அறை வாடகைக்கு விடுபவர்கள் பாதிப் பேருக்கு மேல் இருப்பீர்கள். எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர், காலி செய்யும்போது அட்வான்ஸில் பாதி பிடித்தம் என்று வைத்துவிட்டு, ரமளானில் அதே ஆட்களுக்குக் கஞ்சி ஊற்றினால் அந்தக் கஞ்சி யாருடைய காசு? கோபப்படாதீர்கள். எங்கள் வீட்டு மாடியிலும் இரண்டு அறை வாடகைக்கு இருக்கிறது. இந்தக் கேள்வியை முதலில் எங்களிடம்தான் கேட்டுக்கொண்டோம்.

ஜார்க்கண்ட் என்றதும் இன்னொருவரின் நினைவு வருகிறது. அங்கிருந்து இளைஞர்கள் இங்கே வருகிறார்கள் என்றால், நம் திருச்சி மாவட்டத்தில் 1937ல் பிறந்த ஸ்டேன் சுவாமி என்ற இயேசு சபைப் பாதிரியார் இங்கிருந்து அங்கே போனார். பல்லாண்டுகள் பழங்குடி மக்களோடு இருந்தார். விசாரணைக் கைதிகளாகச் சிறையில் வாடும் பழங்குடி இளைஞர்களுக்காகப் பேசினார். 2020 அக்டோபரில், 83 வயதில், அவரே கைதானார். அந்த வழக்கைப் பற்றிப் பேசுவது இந்த மேடையின் வேலை இல்லை. பார்கின்சன் நோயால் கை நடுங்கி, டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்கும் குவளை கேட்டு அவர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. விசாரணை தொடங்கும் முன்பே 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார். மாண்பு, கண்ணியம் என்பதெல்லாம் பெரிய புத்தகச் சொற்கள் என்று நினைக்க வேண்டாம். சில நேரம் அது ஒரு குவளை. சில நேரம் கேமராவைக் கீழே இறக்குவது.

நம்மவர்கள் இதில் குறைந்தவர்கள் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பரங்கிப்பேட்டை ஜமாஅத் சுற்றியிருந்த மீனவக் கிராமத்து மக்களுக்கு நாட்கணக்கில் சமைத்துப் போட்டது. கொரோனா நாட்களில் சொந்தக்காரர்களே தொடத் தயங்கிய உடல்களை, எந்த மதத்தவர் என்றாலும், அவரவர் முறைப்படி நம் சமுதாய இளைஞர்கள் அடக்கம் செய்தார்கள். ஆபத்து வந்தால் நாம் எழுந்துவிடுகிறோம். ஆபத்து இல்லாத ஒரு சாதாரண மாலையில், வரிசையில் நிற்கும் ஒருவரிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் தவறுகிறோம்.

ஆகவே இந்த ரமளானிலிருந்து நான்கு மாற்றங்களை நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. உங்கள் சம்மதம் வேண்டும்.

முதலாவது, வாங்குகிறவரைப் போட்டோ எடுக்க மாட்டோம். கணக்கு வேண்டும் என்கிற கொடையாளிகளுக்கு ரசீதும் தணிக்கைக் கணக்கும் காட்டுவோம். மூட்டைகளைப் படம் எடுத்து அனுப்புவோம். முகத்தை அனுப்ப மாட்டோம். "போட்டோ இல்லாவிட்டால் பணம் வராது" என்று ஒரு நண்பர் எச்சரித்தார். வரவு கொஞ்சம் குறையலாம். குறைந்தால் குறையட்டும்.

இரண்டாவது, ஜகாத்தும் ஸதகாவும் தனித்தனிக் கணக்கில் இருக்கும். ஜகாத் யாருக்குச் சேரும் என்பதைக் குர்ஆன் எட்டு வகையாக வகுத்திருக்கிறது. அதில் ஆலிம்களின் தீர்ப்பை மாற்றும் உரிமை நமக்கில்லை. ஹஜ்ரத் அவர்கள் காட்டும் வழியில் அது நடக்கும். ஸதகா நிதியோ தேவையுள்ள யாருக்கும் உரியது. அந்த மேசையில் மதம் கேட்கப்படாது. பெயர் கேட்கப்படும். முடிந்தால் பை வீட்டுக்கே போகும். வரிசையே வேண்டாம்.

மூன்றாவது, ஞாயிறு காலை 10 மணி முதல் லுஹர் வரை அலுவலகத்தில் ஓர் உதவி மேசை இருக்கும். இ.எஸ்.ஐ., வருங்கால வைப்புநிதி, விபத்துக் காகிதங்கள் எழுதித் தர நம் பட்டதாரிப் பிள்ளைகள் உட்காருவார்கள். இந்தி தெரிந்த இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெண் தொழிலாளர்களுக்குப் பேச நம் சகோதரிகள் இருவர் வேண்டும். மருத்துவமனைக்குப் போகும் சிஸ்டர்களும் நாமும் சேர்ந்து முறை போட்டு வார்டுக்குப் போவோம் என்று பேசியிருக்கிறோம். அங்கே யாரும் யாருக்கும் மார்க்கம் போதிப்பதில்லை என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

நான்காவது, வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு. ஓர் அறைக்கு எத்தனை பேர், தண்ணீர், கழிப்பறை, அட்வான்ஸ் திருப்பிக் கொடுப்பது ஆகியவற்றைப் பற்றி ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். விருப்பமுள்ளவர்கள் கையெழுத்திடலாம். முதல் கையெழுத்து எங்களுடையது. ஒரு வீட்டுக்கு மாதம் இரண்டாயிரம் மூவாயிரம் குறையும். அது நஷ்டம் என்று தோன்றினால், மறுமையில் அந்தக் கேள்வி வரும் நாளை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இளைஞர் ஊருக்குப் போகும் முன் ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, இடது கையை நீட்டினார். பிறகு சங்கடப்பட்டு அதைப் பின்னுக்கு இழுத்தார். இடது கை கொடுப்பது மரியாதை இல்லை என்று அவருக்கும் அவருடைய அம்மா சொல்லித் தந்திருப்பார் போல. அந்தக் கையை நாங்கள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டோம். அன்று நோன்புக் கஞ்சி இல்லை, பை இல்லை. டீ மட்டும் குடித்தோம்.

யா அல்லாஹ், எங்கள் கையால் கொடுக்கப்படுவதை ஏற்றுக்கொள்வாயாக. அதை வாங்குகிறவர்களின் முகத்தை எங்களிடமிருந்து காப்பாற்றுவாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.